ஓட்டப் பிடிக்காதவர்களின் வண்டி

1

போன மாதம் எங்கள் டாக்டர் ஐயா புது வண்டி வாங்கினார். கப்பலில் வந்து இறங்கிய பெரிய மூடு கார். உள்ளே உட்கார்ந்தால் ரோடு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். விற்க வந்த ஆள் கதவை நாலு தரம் திறந்து மூடிக் காட்டி, கார் ஓட்டவே பிடிக்காதவர்களை மனத்தில் வைத்துச் செய்த வண்டி இது என்று பெருமையடித்துக்கொண்டார். அப்படியானால் இதை யார் ஓட்டுவார்கள் என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். ஜப்பான்காரன் இருந்த காலம் நீங்கலாக டிரைவர் உத்தியோகம்தான். அதற்கு முன் நம் புதுக்கோட்டைச் சீமையில் ஆறு வருஷம். அத்தனை வருஷமும், ஓட்டப் பிடிக்காதவர்களின் வண்டியை ஓட்டித்தான் சோறு தின்றிருக்கிறேன். அந்த வண்டிகளில் ஏறியவர்களிலெல்லாம் ஓட்டுவதை அதிகம் வெறுத்தவன் முன் சீட்டில்தான் இருந்தான். அது அவர்கள் யாருக்கும் தெரியாது.

என் பெயர் சவரிமுத்து. ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு குடியானவன் வீட்டுப் பிள்ளை. இப்போது மலாய் நாட்டில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு சிறு பட்டணத்தில் இருக்கிறேன். ஜப்பான்காரன் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் எழுத்து அவ்வளவு சீராக இராது.

டிரைவருக்கு ஓட்டுவதைவிடக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. புது வண்டி வந்த வாரம் டாக்டர் ஒரு நோயாளி வீட்டுக்குள் போயிருந்தார். எதிரே நம்மவர் துணிக்கடை. அங்கே புதிதாக வேலைக்கு வந்த ராமையா என்ற ஆள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பேச்சைக் கேட்டதும் நம் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. எந்த ஊர் என்றேன். வல்லத்திராக்கோட்டை என்றார். துடைத்து முடித்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தேன். பதிமூன்று வருஷமாக அந்த ஊர்ப் பெயரை யார் சொன்னாலும் எனக்கு அப்படித்தான்.

அவராகவே சொல்ல ஆரம்பித்தார். "எங்க சின்னாத்தா ஒண்ணு இருக்குங்க, வெள்ளையம்மான்னு. வெறகுக் கட்டோட ரோட்டத் தாண்டுறப்ப இதுமாதிரி மூடு காருதான் அடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. அது ஆச்சு பத்துப் பதிமூணு வருசம்."

அந்தச் சின்னாத்தா எப்போது செத்தார் என்று கேட்டேன்.

"சாகுறதாவது? கை மட்டும் கோணிப்போச்சு. வைத்தியரு மூங்கில் வச்சுக் கட்டுனாரு. அது ஒரு நாளைக்குத் தொரை காருங்கும், ஒரு நாளைக்கு மெட்ராஸ்காரன் காருங்கும். ஊருல அதுக்கு அதுனால ஒரு கெத்து. நான் கப்பலுக்கு வாரப்ப அதுதான் அந்தக் கையோட முறுக்குச் சுட்டுக் குடுத்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கு, இருங்க."

கடைக்குள் ஓடிப்போய்க் காகிதத்தில் சுற்றி இரண்டு முறுக்குக் கொண்டுவந்தார். நான் கொன்றுவிட்டதாக நினைத்திருந்த பெண் சுட்ட முறுக்கு. ஒன்றைத் தின்றேன். எள்ளும் ஓமமும் போட்டு, நன்றாகத்தான் இருந்தது.

இது நல்ல செய்திதானே? கேட்ட யாரும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள். எனக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஏன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்.

2

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது கறம்பக்குடியில், கடலை மண்டி வைத்திருந்த ஒரு முதலாளியிடம். பெயர் வேண்டாம். எல்லோரும் மண்டிக்காரர் என்றே சொல்வார்கள். அவருக்கும் கார் ஓட்டும் ஆசை இருந்த காலம் ஒன்று உண்டு. முதல் கார் வாங்கிய புதிதில் தாமே ஓட்டிப் பார்த்து, நேராக வைக்கோற்போருக்குள் நுழைத்துவிட்டு, தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டே இறங்கினவர் அதோடு ஸ்டியரிங்கைத் தலைமுழுகிவிட்டார். போதாததற்கு மூல வியாதி வேறு. அந்தத் திறந்த வண்டியை விற்றுத் தள்ளிவிட்டு மெட்ராசிலிருந்து மூடு கார் ஒன்றைத் தருவித்தார்.

அதைப் போன்ற வண்டி அந்தச் சுற்று வட்டாரத்தில் அப்போது இல்லை. பின் சீட்டு எங்கள் வீட்டுக் கட்டிலைவிட அகலம். ஜன்னலுக்குப் பட்டுத் திரை. கால் நீட்டிக்கொள்ள மெத்தை வைத்த பலகை. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கண்ணாடி, வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். விருந்தாளி வந்தால் கொடும்பாளூர் வரைக்கும் கூட்டிப்போவார். வந்தவர்கள் இறங்கி மூவர் கோயிலைச் சுற்றிப் பார்ப்பார்கள். அவர் மட்டும் வண்டிக் கண்ணாடி வழியாகவே ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி சாய்ந்துகொள்வார்.

என்னை வேலைக்கு எடுக்கும்போது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வண்டி குலுங்கக் கூடாது. செம்மண் ரோட்டில் அது நடக்கிற காரியமா? ஆனால் நான் நடத்திக் காட்டினேன். கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டைக் கோர்ட்டுக் கச்சேரி வாசல் வரை எந்தப் புளியமரத்தடியில் எந்தப் பள்ளம் என்று எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். சவரி ஓட்டினால் தொட்டில்தான் என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்வார். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன்.

அன்று கச்சேரியில் அவருக்கு வாய்தா. உச்சி வெயில். அவர் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டு வந்தார். வல்லத்திராக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், இடதுபக்கக் காட்டிலிருந்து தலையில் விறகுக் கட்டோடு ஒரு பெண் ரோட்டில் ஏறினாள். கட்டு கண்ணை மறைத்திருக்க வேண்டும். ஹாரன் அடித்திருக்கலாம். அடித்தால் முதலாளி விழித்துக்கொள்வார் என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடிதான். பிரேக்கை மிதித்து வலப்பக்கம் ஒடித்தேன். இடது மட்கார்டு பட்டது. அது என் கையில், ஸ்டியரிங் வழியாக, ஒரு தட்டு மாதிரி வந்து சேர்ந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். விறகு சிதறிக் கிடந்தது. நடுவில் நீலச் சேலை. அசைவில்லை. வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது, நான் இன்னும் நிறுத்தவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னடா சவரி?"

"ஒண்ணுமில்லங்க. பள்ளம்."

"பள்ளமா? தெரியவே இல்லையேடா. வண்டின்னா இது வண்டி."

அவர் மறுபடி தூங்கிப்போனார். நான் கியரை மாற்றினேன். நிறுத்தினால் ஊர்க்காரர்கள் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று பயந்தேன், உண்மைதான். ஆனால் அது முழுக் காரணமில்லை. குலுங்காமல் ஓட்டுகிற சவரி ஒரு பெண்ணை இடித்துவிட்டான் என்று அவர் வாயால் கேட்கப் பிடிக்கவில்லை. அந்த வெட்கத்துக்காகத்தான் ஒருத்தியை ரோட்டில் போட்டுவிட்டுப் போனேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

மட்கார்டில் சின்ன நசுங்கல். கச்சேரி வாசலில் கல் தூணில் இடித்துவிட்டதாகச் சொன்னேன். அவர் திட்டக்கூட இல்லை. அதன் பிறகு எத்தனையோ தடவை அந்த வழியாகப் போனேன். ஒரு தடவையாவது இறங்கி, ஒரு டீக்கடையில் நின்று, இங்கே யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செத்துப்போனாள் என்று நானே தீர்மானம் பண்ணிக்கொண்டேன்.

3

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாவம் செய்தால் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டும். அது பொது விதி. ஆனால் ஆபத்து, வியாதி, கோர்ட்டு வழக்கு என்றால் சாமியார் வரைக்கும் போகாமல் நேரே மாதாவிடமே பொருத்தனை வைத்துக்கொள்வோம். நீ எனக்கு இதைச் செய், நான் உனக்கு அதைச் செய்கிறேன் என்று ஒரு நேர்ச்சை. மொட்டை போடுகிறவர்கள், ஆட்டுக்கிடா விடுகிறவர்கள், வாயைக் கட்டிக்கொண்டு விரதம் இருக்கிறவர்கள் எல்லாம் அந்தக் கணக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவூர்க் கோயிலில் நான் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டது நிஜம். பொய் சொன்னேன், குடித்தேன், பூசைக்குத் தப்பினேன் என்று சில்லறைப் பாவமெல்லாம் சொன்னேன். பெரியதைச் சொல்லவில்லை. சொன்னால் சாமியார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். முதலில் போய் அந்தப் பெண்ணைப் பாரு, அவ வீட்டைத் தேடு என்பார். அதற்கு நான் தயாரில்லை.

கூண்டை விட்டு எழுந்து, என் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பீடத்தின் கிராதிக்கு வந்தேன். சூசைக்கு அப்போது பதினொரு வயசு. அவன் அம்மா ஜுரத்தில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் வலது கையை எடுத்துக் கிராதிமேல் வைத்து அதன்மேல் என் கையை வைத்தேன். என்னோடு இந்தத் தொழில் போகட்டும், என் பிள்ளை ஒருநாளும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டான், அந்த ரத்தப்பழி அவன் தலையில் விழ வேண்டாம் என்று பொருத்தனை வைத்தேன். அவனையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். எதற்கு என்று அவன் கேட்டான். சொல்லுடா என்றேன். சொன்னான்.

நானும் அன்றே அந்த வேலையை விட்டிருக்க வேண்டும். வேறு தொழில் தெரியாது. மாதாவுக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நான் மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தேன். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு சாமர்த்தியமான பேரம். மறுவருஷம் மலாய் நாட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று தெரிந்தவர் மூலம் சேதி வந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினேன். வல்லத்திராக்கோட்டை ரோட்டில் மறுபடி போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

4

இங்கே வந்து சேர்ந்தது இந்த டாக்டரிடம். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். கெதியாப் போ என்று முதல் நாள் அவர் சொன்னபோது என்ன கதி வந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். சீக்கிரம் போகச் சொல்கிறாராம். இங்கிட்டுத் திரும்பவா அங்கிட்டுத் திரும்பவா என்று நான் கேட்டால் அவர் சிரிப்பார். அவருக்கும் ஓட்டுவதென்றால் வேப்பங்காய். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நிற்கிறவர், வண்டியில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவருக்கு ஏற்ற மாதிரி மெத்தென்ற வண்டி. எனக்குக் குலுங்காமல் ஓட்டுகிற பழைய கைத்திறன். பொருத்தம் பிரமாதமாக இருந்தது.

வருஷா வருஷம் லைசென்சு புதுப்பிக்கப் போக வேண்டும். அந்தப் பாரத்தில் ஒரு கேள்வி, இதற்குமுன் விபத்து ஏதாவது உண்டா என்று. குமாஸ்தா வாசித்துக் கேட்பார். இல்லை என்பேன். ஒவ்வொரு வருஷமும் அதைச் சொல்லும்போது நீலச் சேலை கண்ணுக்கு வரும். வெளியே வந்து வண்டியைத் துடைத்துக்கொண்டே நிற்பேன்.

சூசை இந்த ஊருக்கு என்னைவிடச் சீக்கிரம் பழகிவிட்டான். ஆறு மாதத்தில் மலாய் பேசினான், ஒரு வருஷத்தில் சீனப் பையன்களோடு பந்து விளையாடினான். அரைக்கால் சட்டை, எண்ணெய் வைக்காத தலை. என்னோடு பேசுவதே குறைந்துபோயிற்று. நான் தமிழில் கேட்டால் அவன் வேறு எதிலோ பதில் சொல்வான். பூசைக்கு வா என்றால் தலைவலி என்பான். பிள்ளை கைவிட்டுப் போகிறானே என்று எனக்கு உள்ளூர ஆற்றாமை.

ஆனால் அவனுக்குப் பைத்தியம் எதில் என்று நினைக்கிறீர்கள்? கார்தான். நோட்டுப் புத்தகம் முழுக்கக் காராக வரைந்து வைத்திருப்பான். சத்தத்தைக் கேட்டே எந்த வண்டி வருகிறது என்று சொல்வான். டாக்டர் வண்டியைக் கழுவ எனக்கு ஒத்தாசைக்கு வருவான். வெளியெல்லாம் துடைப்பான். முன் கதவைத் திறந்து ஸ்டியரிங் பக்கம் துடைக்க வேண்டிய இடம் வந்ததும் துணியை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வான். டாக்டரே ஒருநாள் பார்த்துவிட்டு, பெடியனுக்குப் பழக்கிவிடு, நான் லைசென்சுக்கு எழுதித் தாறன் என்றார். வேண்டாம் ஐயா, எங்களுக்கு ஆகாது என்றேன். சூசை அங்கேயேதான் நின்றான். அதன் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பூசையை விட்டான், என் பேச்சை விட்டான், ஊரையே மறந்தான். அந்த ஒரு வாக்கை மட்டும் அவன் விடவில்லை. பிற்பாடு அவனை மளிகைக் கடையில் மூட்டை நிறுக்கச் சேர்த்துவிட்டேன். அவன் நிறுத்துக்கொண்டிருப்பான், தெருவில் ஒரு கார் போனால் தராசை மறந்துவிட்டு நிற்பானாம். கடைக்காரர் வந்து என்னிடம் புகார் சொல்வார்.

ராமையா முறுக்கைக் கொடுத்த அன்று நான் இதைத்தான் நினைத்தேன். அந்த ரோட்டில் இறங்கி ஐம்பது அடி பின்னால் நடந்திருந்தால் போதும். வெள்ளையம்மா கையைப் பிடித்துக்கொண்டு முனகியிருப்பார். வண்டியிலேயே தூக்கிப்போட்டுப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன். ஏச்சு வாங்கியிருப்பேன், வேலை போயிருக்கும், அவ்வளவுதான். பொருத்தனையும் இல்லை, ஒன்றும் இல்லை. என் பிள்ளை பதினேழு வயசில் டாக்டர் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பான்.

5

ஜப்பான்காரன் வந்ததும் முதலில் டாக்டர் வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு போனான். எனக்கு வேலை இல்லை. மரவள்ளிக்கிழங்கு நட்டுத் தின்றோம். அடுத்த வருஷம், ரேஷன் கார்டு மாற்றித் தருகிறோம், ஆண்பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும் என்று தமுக்கு அடித்தார்கள். பழைய கார்டை மறக்காமல் கொண்டுவரச் சொன்னார்கள். நானும் சூசையும் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனோம். எல்லோரும் உள்ளே போனதும் சுற்றித் துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள்.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று அதற்குள் எங்களுக்குத் தெரியும். மேஜையில் ஓர் அதிகாரி. பக்கத்தில் மொழி சொல்ல நம் தமிழ் ஆள் ஒருவன். அவன் கையை நீட்டிச் சொன்னான். "லாரி ஓட்டத் தெரிஞ்சவங்க மட்டும் இந்தப் பக்கம் வாங்க. அவங்க இங்கயே இருக்கலாம். மத்தவங்க அந்தப் பக்கம்."

நான் சூசையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனேன். நாங்கள் ரெண்டு பேரும் டிரைவர் என்றேன். என் லைசென்சைக் காட்டினேன். இவன் லைசென்சு எங்கே என்றான். வீட்டில் இருக்கிறது என்றேன். அதிகாரி ஏதோ சொன்னார். மைதானத்து ஓரத்தில் ஒரு லாரி நின்றது. என்னை லாரிக்கு எதிரே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு அவனை ஏறச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் எஞ்சினை முடுக்கிவிட்டு இறங்கிக்கொண்டான். மரம் வரைக்கும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

பத்தொன்பது வயசுப் பிள்ளை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான். வாழ்க்கையில் முதல் தடவை. எப்படிப் பிடிப்பது என்று பார்த்துப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தான். காலுக்குத்தான் ஒன்றும் தெரியாது. கால் செய்கிற வேலையை வெளியே நிற்கிறவன் பார்க்க முடியாதே. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். வாய் திறந்தால் சுட்டுவிடுவார்கள். நான் என் இடது காலைத் தூக்கித் தரையில் அழுத்தி மிதித்துக் காட்டினேன், முதலில் க்ளச்சு என்று.

நான் அவனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவனுக்கு நேராக இருந்த காலைப் பார்த்து அவன் வலது காலை மிதித்தான். எஞ்சின் அலறியது. பயந்துபோய்க் கியரைப் பிடித்துத் தள்ளினான். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்துபோயிற்று. சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. இறக்கி, கன்னத்தில் இரண்டு அறை கொடுத்து, அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். எனக்கும் இரண்டு அறை, பொய் சொன்னதற்கு. ஆனால் நான் டிரைவர், என்னை வைத்துக்கொண்டார்கள்.

அதுவரை பத்துப் பன்னிரண்டு வருஷம் எத்தனை பேரை மெத்தையில் உட்கார வைத்து ஓட்டியிருந்தேன். சொந்தப் பிள்ளைக்கு எந்தக் கால் க்ளச்சு என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

6

எனக்குக் கொடுத்த முதல் வேலை, அந்த ஆட்களை ஈப்போ ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது. அதே லாரி. பின்னால் நாற்பது பேருக்குமேல் நின்றார்கள், சூசையும் நின்றான். பக்கத்தில் ஒரு சிப்பாய். பதினான்கு மைல். எங்காவது மரத்தில் மோதிவிடலாமா என்று நினைத்தேன். பின்னால் நிற்கிறவர்களை நினைத்து அதையும் செய்யவில்லை. மெதுவாக, பள்ளம் பார்த்து, ஒடித்து ஒடித்து ஓட்டிக்கொண்டு போனேன். அதுதான் எனக்குத் தெரிந்தது.

ரயில் வரவில்லை. எல்லோரையும் வெயிலில் உட்கார வைத்தார்கள். ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும் என்று சிப்பாயிடம் சைகை காட்டி, சூசையைச் சுட்டினேன். அவன் தலையாட்டிவிட்டு நிழலுக்குப் போய்ச் சுருட்டுப் பற்றவைத்தான். சூசை தகரத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். கன்னம் வீங்கியிருந்தது. நான் முன் கதவைத் திறந்து உள்ளே ஏறச் சொன்னேன். அவன் தயங்கினான்.

"பொருத்தனை என்னாகும்ப்பா?"

"அது எம் பாடு. நீ ஏறு."

ஏறினான். எடது காலு க்ளச்சு, நடுவுல பிரேக்கு, வலது காலு ஆக்ஸிலேட்டரு என்று அவன் முழங்காலைத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். க்ளச்சை மிதித்துக்கொண்டு கியர் போடு, அப்புறம் மெதுவாக விட்டுக்கொண்டே வலது காலைக் கொடு, இறக்கத்தில் க்ளச்சை மிதிக்காதே, சின்னக் கியரிலேயே இறக்கு என்றேன். மறுபடி ஓட்டத் தெரிந்தவர்களைக் கேட்டால் கையைத் தூக்கிவிடு என்றேன். அவன் மூன்று தரம் மிதித்துப் பார்த்தான். என்னிடம் திருப்பிச் சொன்னான், தப்பில்லாமல், தமிழில். தண்ணீர் ஊற்றுகிற நேரம்தான். சிப்பாய் கூப்பிட்டான். இறங்கிப் போய் வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.

சண்டை முடிந்தபின் காணாமற்போனவர்களைப் பதிய ஓர் ஆபீஸ் வைத்தார்கள். நான் ஏழு தடவை போனேன். ஒரு தடவை பிறந்த தேதிக்குச் சான்று கேட்டார்கள். ஆவூர் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கிறது, இங்கிருந்து எப்படிக் கொண்டுவருவேன்? இன்னொரு தடவை, செத்ததைப் பார்த்த சாட்சி வேண்டும், இல்லாவிட்டால் காணவில்லை என்றுதான் எழுதுவோம் என்றார்கள். காணவில்லை என்று எழுதினால் எனக்கும் சந்தோஷம்தான் என்று சொல்ல நினைத்தேன்.

பிறகு சாட்சி தானாகவே வந்தார். குருசாமி என்று, கறம்பக்குடிப் பக்கத்து ஆள், இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒரு காலைச் சயாமிலேயே விட்டுவிட்டுக் கட்டையோடு வந்திருந்தார். அவரை ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அவர் சொன்னதைக் குமாஸ்தா எழுதிக்கொண்டார். மழைக்காலம். மலைப்பாதை. அரிசி மூட்டை ஏற்றிய லாரி. இறக்கத்தில் மண் சரிந்து ஆற்றுக்குள் போயிற்று. மூன்று பேர். மேலே பாறை சுமந்துகொண்டிருந்த குருசாமி பார்த்தார். ஓட்டியவன் சூசை.

குமாஸ்தா பாரத்தைப் புரட்டி, இறந்தவர் தொழில் என்ன என்றார். நான் மளிகைக் கடையில் மூட்டை நிறுக்கிறவன் என்று சொல்ல வாயெடுத்தேன். குருசாமி முந்திக்கொண்டு டிரைவர் என்றார். குமாஸ்தா எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். குருசாமிக்கு என்னைத் தேற்ற வேண்டும் என்று ஆசை. சூசை ரெண்டு மாசம் லாரி ஓட்டினான், அதனால் பட்டினி இல்லாமல் இருந்தான், எங்களுக்கும் உப்பு கொண்டுவந்து கொடுப்பான், காய்ச்சல்காரர்களை யாருக்கும் தெரியாமல் மூட்டைக்கு நடுவே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குக் கொண்டுபோவான் என்றெல்லாம் சொன்னார்.

"நல்லா ஓட்டுவான்ங்க. ஒரு குலுக்கல் இருக்காது. எங்கப்பா சொல்லிக் குடுத்ததுன்னு எல்லார்ட்டயும் பெருமையாச் சொல்வான்." பிறகு கட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "எத்தனை நாளுங்க சொல்லிக் குடுத்தீங்க?"

"ரொம்ப நாளு" என்றேன்.